லால்பாகும் ஒரு நகவெட்டியும்

பெங்களூருக்கு ரயில் ஏறுகிறவர்களுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். இன்டர்வியூ, நிச்சயதார்த்தம், குளிர், சும்மா. 2024 ஆகஸ்ட்டில் நான் ஏறியதற்குக் காரணம் ஒரு நெற்று. சரக்கொன்றை நெற்று. ஒன்றரை அடி நீளம், கன்னங்கரேல் என்று போலீஸ்காரர் லத்தி மாதிரி இருக்கும். ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம்.

லால்பாக் எக்ஸ்பிரஸில் எதிர் சீட்காரர் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். காட்பாடி தாண்டியதும் தாங்க முடியாமல், "சார், இது ஏதாவது வாத்தியமா?" என்று கேட்டார். "இல்லைங்க, மரம்" என்றேன். அதற்கப்புறம் பெங்களூர் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார் மனிதர்.

மறுநாள் காலை மெஜஸ்டிக் மெட்ரோ ஸ்டேஷனில் எக்ஸ்ரே மெஷின் அதைவிடக் கடுமையாகச் சந்தேகப்பட்டது. பையைத் திறக்கச் சொன்னார்கள். நெற்றை எடுத்து, தட்டிப் பார்த்து, மோந்து பார்த்து, இன்னொரு ஆபீசரைக் கூப்பிட்டார்கள். அவர் கையில் வாங்கியதுமே முகம் மலர்ந்து "கக்கே காயி!" என்றார். கன்னடத்தில் கொன்றைக்கு கக்கே. "வயித்துக்கு மருந்தா?" என்று ஜாடையில் கேட்டார். கொன்றைச் சதை நல்ல பேதி மருந்து என்பது எல்லா ஊர் தாத்தாக்களுக்கும் தெரியும் போலிருக்கிறது. ஆமாம் என்று தலையாட்டினேன். மரியாதையோடு வழிவிட்டார்கள்.

பச்சை லைனில் லால்பாக் என்று ஒரு ஸ்டேஷனே இருக்கிறது. சுதந்திர தின மலர்க் கண்காட்சி சமயம். கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊர்த் தீபாவளி ரங்கநாதன் தெருவை எடுத்து 240 ஏக்கரில் பரப்பி, ஸ்வெட்டர் போட்டுவிட்டால் எப்படி? அப்படி. 1889-ல் எழுப்பிய கண்ணாடி மாளிகைக்குள் பூவைப் பார்க்க வந்தவர்களைவிட, பூவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தன்னைத் தானே போட்டோ எடுக்கிறவர்கள்தான் அதிகம்.

ஹைதர் அலி 1760-ல் ஆரம்பித்த தோட்டம் இது. மகன் திப்புவுக்குச் செடிப் பைத்தியம் அப்பாவைவிட ஒரு பங்கு கூட. 1788-ல் அவர் பாரிசுக்கு அனுப்பிய தூதர்கள் பதினாறாம் லூயியிடம் படை கேட்டதோடு விடவில்லை. விதைகளும் தோட்டக்காரர்களும்கூட வேண்டும் என்று லிஸ்ட் கொடுத்தார்கள். பிரிட்டிஷ்காரனோடு சண்டைக்கு நிற்கும்போது பூ விதை கேட்கிற மனசு யாருக்கு வரும், சொல்லுங்கள். பின்னாளில் க்ரும்பிகல் என்ற ஜெர்மன்காரர் இந்தத் தோட்டத்துக்குப் பொறுப்பாக வந்து, வருஷத்தில் எந்த மாதம் வந்தாலும் ஏதாவது ஒரு மரம் பூத்திருக்கிற மாதிரி பெங்களூர்த் தெருக்களில் மரங்களை வரிசை போட்டு நட வைத்தார். இன்றைக்குப் பிப்ரவரி, மார்ச்சில் அந்த ஊர்த் தெருக்கள் ரோஸ் கலராகிப் பத்திரிகைகளில் படம் வருகிறதே, அதற்கு இந்த ஆசாமிக்கும் ஒரு நன்றி சொல்ல வேண்டும்.

சரி, நெற்று விஷயத்துக்கு வருகிறேன்.

மேற்கு மாம்பலத்தில் நான் குடியிருக்கும் சந்தில், வாசலுக்கு நேராக ஒரு சரக்கொன்றை இருந்தது. ஏப்ரல், மே வந்தால் இலை தெரியாது. மஞ்சள் சரம் சரமாகத் தொங்கும். ஆபீசுக்கு லேட்டாக ஓடுகிறவன்கூட ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்த்துவிட்டு அப்புறம் ஓடுவான். கீழ்வீட்டு ஆச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கம். சித்திரை முதல் நாள் கனி காண அந்தப் பூ இல்லாமல் அவருக்கு வருஷம் பிறக்காது. 2022-ல் மழைநீர் வடிகால் தோண்ட வந்தவர்கள் ஒரு மத்தியானத்தில் மரத்தை வெட்டி லாரியில் ஏற்றிவிட்டார்கள். ஆச்சி மிச்சம் எடுத்து வைத்தது இரண்டே நெற்று.

ஒன்றை உடைத்து 40 விதையைப் பழைய பெயின்ட் டப்பாவில் போட்டு, 2023 மழைக்காலம் பூரா காத்திருந்தார். ஒன்றுகூடத் தலைகாட்டவில்லை. மூன்று மாசம் கழித்துத் தோண்டிப் பார்த்தால் வைத்தது வைத்தபடி இருக்கிறது.

"கழுவி வச்ச மாதிரில்லா கெடக்கு! எல்லாம் செத்த வெதைய்யா" என்று அத்தனையையும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடிவிட்டார். இரண்டாவது நெற்றை உடைக்க அவருக்கு மனசு வரவில்லை. அதுவும் போய்விட்டால் அந்த மரத்தின் வம்சம் அத்தோடு சரி. அதனால்தான், "நீ பத்திரிகைக்கு எழுதுதவன்தான? நாலு பேரத் தெரிஞ்சிருக்கும். யார்கிட்டயாவது கேட்டுட்டு வாய்யா" என்று நெற்றை என் கையில் கொடுத்து அனுப்பினார்.

கண்காட்சியை ஒட்டி வரிசையாக விதை ஸ்டால்கள். பாக்கெட் மேல் பளபளவென்று கலர் படம். ஒரு ஸ்டாலில் நீல ரோஜா விதை விற்றுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பையன், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, யாருக்கோ பரிசளிக்கிற வேகத்தில் மூன்று பாக்கெட் வாங்கினான். விதை போட்டு நிஜமான நீல ரோஜாவை இதுவரை யாரும் எடுத்ததில்லை, தம்பி. நல்ல ரோஜா எல்லாமே பதியனும் ஒட்டும்தான். சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். காதலில் ஒரு பாக்கெட் விதை முளைக்காமல் போவதெல்லாம் சின்ன நஷ்டம்.

கடைசி ஸ்டாலில் விற்பனை டல். முக்காலியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். மூன்று தலைமுறையாகத் தோட்ட வேலை. அவர் பேசியது தமிழா கன்னடமா என்று முதலில் பிடிபடவில்லை. இரண்டையும் பிசைந்து கொஞ்சம் தெலுங்கைத் தொட்டுக்கொண்ட பாஷை. திகளர்! பெங்களூரின் பழைய தோட்டக்காரச் சமூகம். பல தலைமுறைக்கு முன்னால் தமிழ் தேசத்திலிருந்து வந்தவர்கள் என்பார்கள். ஊரே திரளும் கரகத் திருவிழா இவர்களுடையதுதான்.

நெற்றைப் பார்த்ததும் என்னைக் கேட்காமலேயே கல்லில் ஒரு போடு போட்டு உடைத்தார். உள்ளே அறை அறையாகத் தடுத்து, ஒவ்வோர் அறையிலும் கறுப்புச் சதை பூசிய ஒரு விதை. ஓர் அரசாங்கக் குவார்ட்டர்ஸ் மாதிரி அவ்வளவு ஒழுங்கு. ஆச்சியின் பெயின்ட் டப்பா கதையைச் சொன்னேன்.

"அழுகிப் போச்சா?"

"இல்லீங்க. அப்படியே இருக்கு."

"அப்ப சாவல தம்பி. செத்த வெதை மண்ணுல அழுகிப் பூடும். அழுகாம கெடக்குதுன்னா உசிரு இருக்குது, தண்ணி உள்ள போகல. அவ்ளோதான்."

சொல்லிக்கொண்டே மடியிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். அதில் கோத்திருந்த நகவெட்டியால் விதையின் ஓரத்தில் 'டிக்'. கடுகளவு தோல் தெறித்து விழுந்தது. உள்ளே வெளேர் என்று தெரிந்தது. "காம்பு ஒட்டிக்கினு இருந்த முனை இருக்குதே, அதும்மேல மட்டும் கை வைக்காதீங்கோ. வேரு அங்கதான் குந்திக்கினு இருக்குது. எதிர்ப்பக்கம் தோலை மட்டும் எடுத்துட்டு ராத்திரி தண்ணில போடுங்கோ. காலைல ரெண்டு பங்கு ஊதிப் பூடும்."

அவ்வளவுதானா? அவ்வளவேதான்.

இது சாதாரண விஷயமில்லை, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கோடை மழை ஒன்று தப்பித் தவறிப் பெய்யும். அதை நம்பி எல்லா விதையும் ஒரே நாளில் முளைத்தால், அடுத்த வாரத்து வெயிலில் கூண்டோடு கைலாசம். அதனால் கொன்றை, சங்குப்பூ, குல்மோகர், கல்வாழை, தாமரை வகையறா எல்லாம் விதைக்கு வாட்டர் ப்ரூஃப் கோட்டு போட்டு அனுப்புகின்றன. கொன்றைக்கு அந்தக் கோட்டைக் கழற்றுகிற வேலை காட்டில் குரங்குக்கும் நரிக்கும் கரடிக்கும். சதைக்கு ஆசைப்பட்டுத் தின்று, வயிற்றுக்குள் அரைத்து, எங்கேயோ போய் வெளியே தள்ளும். உரத்தோடு சேர்த்து டெலிவரி. மேற்கு மாம்பலத்தில் கரடிக்கு எங்கே போவது? நகவெட்டிதான் நமக்குக் கரடி.

கோட்டுப் போட்ட விதை எத்தனை காலம் தாங்கும் என்பதற்கு இரண்டு சங்கதி. 1940-ல் லண்டன் இயற்கை வரலாற்று மியூசியத்தில் குண்டு விழுந்து தீப்பிடித்தது. ஃபயர் சர்வீஸ்காரர்கள் தண்ணீர் அடித்து அணைத்தார்கள். கொஞ்ச நாளில் பார்த்தால், காகிதத்தில் ஒட்டிவைத்திருந்த வாகை இனத்து விதைகள் முளைத்து நிற்கின்றன. 1793-ல் சீனாவிலிருந்து கொண்டு வந்தவை! தீ கோட்டைக் கழற்றியது, தண்ணீர் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. இன்னொன்று ஜப்பான். 1951-ல் சிபா என்ற இடத்தில் பழைய சேற்றைத் தோண்டியபோது மூன்று தாமரை விதைகள் கிடைத்தன. வயசு சுமார் 2,000 வருஷம் என்று கணக்கிட்டார்கள். ஓகா என்ற தாவரவியல் பேராசிரியர் முளைக்கப் போட்டார். மறு வருஷம் ஒன்று பூத்தே விட்டது. ஆச்சியின் ஹார்லிக்ஸ் பாட்டில் இதற்கு முன்னால் எம்மாத்திரம்!

ஆனால் எல்லாப் பூ விதையும் இப்படிக் கல் நெஞ்சுக்காரர்கள் இல்லை. பெரியவர் அதையும் காட்டினார். பெங்களூர்த் தெருவை ரோஸ் கலராக்குகிற தபேபுயாவின் விதை, வெங்காயச் சருகு மாதிரி. இறக்கை வைத்துப் பறக்கும். தோலே கிடையாது என்று சொல்லலாம். விழுந்த சூட்டோடு ஈர மண்ணில் போட்டால் சீக்கிரமே முளைக்கும். டிராயரில் போட்டுவிட்டு அடுத்த வருஷம் எடுத்தால் சருகேதான். இப்போது மாடிதோறும் தொட்டியில் நிற்கும் அடீனியம், பாலைவன ரோஜா என்பார்களே, அதன் கதையும் இதுதான். குச்சி மாதிரி விதை, இரண்டு முனையிலும் குஞ்சம். புத்தம் புதிதாக இருந்தால் மணல் கலந்த மண்ணில் படுக்க வைத்து, மேலே ஒரு சிட்டிகை மணல் தூவினால் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். பழசு என்றால் பாதிக்கு மேல் பணால்.

"எந்தக் கலர் பூக்கும்?" என்று கேட்டேன்.

"அது பூத்தப்புறந்தான் தெரியும். அம்மா செவப்புன்னா மவளும் செவப்பா இருக்கணும்னு சட்டமா?"

பாக்கெட் மேல் கலர் படம் போட்டு அடீனியம் விதை விற்கிறவர்கள் இந்த ஒரு வரியை ஏனோ அச்சடிப்பதில்லை.

தூள் தூளான விதைகள் தனி ஜாதி. பத்துமணிப் பூ விதை மிளகுத் தூளைவிடச் சன்னம். அதைப் புதைக்கக் கூடாது. மண்ணின் மேல் தூவி, உள்ளங்கையால் அழுத்திவிட்டால் போதும். அதற்கு வெளிச்சம் வேண்டும். ஆர்க்கிட் விதை அதையும்விட மோசம், வெறும் தூசி. முளைக்கும்போது தின்னக் கட்டுச்சோறுகூட எடுத்துக்கொள்ளாமல் கிளம்பும் ஆசாமி. காட்டில் ஒரு பூஞ்சைதான் அதற்குச் சோறு போடுகிறது. 1922-ல் அமெரிக்காவில் நட்சன் என்பவர் பூஞ்சை இல்லாமல், சர்க்கரை கலந்த அகார் கூழிலேயே அதை முளைக்க வைத்துக் காட்டினார். அது பாட்டிலும் லேபும் வேண்டிய வேலை. பேச்சிலர் ரூம் சமையலறையில் நடக்காது. அங்கே ஏற்கெனவே வேறு பூஞ்சைகள் குடியிருக்கும்.

நெற்றை உடைத்ததில் தேறியது 62 விதை. பெரியவர் காசு வாங்க மறுத்துவிட்டார். ஸ்டாலுக்கு வந்ததற்கு மரியாதையாக ஒரு பாக்கெட் சங்குப்பூ விதை வாங்கிக்கொண்டேன். கிளம்பும்போது, "உங்க மெட்ராஸ் சூடு இதுக்கு ரொம்ப நல்லது தம்பி. எங்க ஊரு குளிருல ஒரு வாரம் கூட ஆவும்" என்றார். மெட்ராஸ் வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

வாஸ்தவம்தான். வெப்பநாட்டு விதைகளுக்கு 25 டிகிரியிலிருந்து 30 டிகிரி வரை இருந்தால் சுகம். வெளிநாட்டுக்காரர்கள் அதற்காகக் கரன்ட்டில் சூடாகும் மெத்தை வாங்கித் தொட்டிக்கு அடியில் விரிக்கிறார்கள். நமக்கு மொட்டை மாடியே மெத்தை. ஆனால் என் நண்பன் ஒருத்தன் வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு, செம்பருத்தி விதையை ஈரத் துணியில் சுற்றி மூன்று வாரம் ஃப்ரிட்ஜில் வைத்தான். பனி விழுகிற ஊர்ச் செடிகளுக்கு அது சரி. குளிர்காலம் முடிந்தது என்று தெரிந்தால்தான் அவை முளைக்கும். நம் ஊர் விதைக்கு அது தண்டனை. உலர்ந்த விதையைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் சேமிக்கலாம். முளைக்க வைக்க அது இடமில்லை.

ஊருக்கு வந்ததும் ஆச்சியின் சமையலறையில் வேலை ஆரம்பித்தது. 62-ல் 30 விதைக்கு வெந்நீர் வைத்தியம். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து, இரண்டு நிமிஷம் விட்டு, கிண்ணத்தில் இருந்த விதைமேல் ஊற்றி, மூடி வைத்தோம். அடுப்பின் மேல் விதையை வைத்துக் கொதிக்கவிட்டால் சுண்டல்தான் கிடைக்கும். காலையில் பார்த்தால் 13 விதை உப்பியிருந்தது. மிச்சம் 17 வெந்நீருக்கும் அசையவில்லை. அவற்றுக்கும், தொடாமல் வைத்திருந்த 32-க்கும் நகவெட்டி. விரல் நுனி போகாமல் இருக்கத் துணியில் பிடித்துக்கொண்டு வெட்டுவது உசிதம். வெட்ட வராத உருண்டை விதைக்கு உப்புத்தாளில் நாலு தேய். தாமரை விதையை அப்படித்தான் உள்தோல் தெரிகிறவரை தேய்த்துத் தண்ணீரில் போட்டு, தினமும் தண்ணீரை மாற்றுவார்கள். நர்சரிகளில் கந்தக அமிலத்தில் ஊறப்போடுவதும் உண்டு. வீட்டில் அந்த விளையாட்டு வேண்டாம்.

ஆச்சி வேடிக்கை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, உள்ளே போய் ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து வந்தார். "இதையும் வெட்டிப் பாரேன். செத்ததுதான, போனாப் போவுது."

40 விதையையும் வெட்டி ராத்திரி தண்ணீரில் போட்டேன். காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டுகிறார். கையில் கிண்ணம். 31 விதை பட்டாணி மாதிரி உப்பியிருக்கிறது. "ஏ ஐயா, இது உசுரோடல்லா இருந்திருக்கு! நாந்தான் செத்துட்டுன்னு பேசிட்டுத் திரிஞ்சிருக்கேன்!"

உப்பியதை எல்லாம் ஈரத் துணியில் கட்டித் தொங்கவிட்டார். பயறு முளை கட்டுகிற அதே துணி, அதே முடிச்சு. வெளிநாட்டுப் புத்தகங்களில் டிஷ்யூ பேப்பர் முறை என்று படம் போட்டு விளக்குவதும் இதுதான். முளைப்பாரி வளர்த்த ஊர்க்காரருக்கு நான் என்ன சொல்லித்தர? வெள்ளை மூக்கு எட்டிப் பார்த்ததை ஒவ்வொன்றாக எடுத்து, தேங்காய் நார்த்தூளும் மணலும் சம அளவு கலந்த டப்பாக்களில், விதையின் கனத்தைப் போல் இரண்டு பங்கு ஆழத்தில் வைத்தோம். ஸ்வீட் கடைப் பிளாஸ்டிக் டப்பா இதற்கு அருமை. அடியில் ஓட்டை போட்டுக்கொண்டால் போதும். மூடியைக் கவிழ்த்தால் உள்ளே நாகர்கோவில் மாதிரி ஈரப்பதம்.

மூன்று வாரத்தில் 54 செடி. அக்டோபர் மழையில் அதில் 20 போச்சு. நேற்று நிமிர்ந்து நின்றது, இன்று தரையோடு நூலாய் இளைத்துச் சாய்ந்து கிடக்கும். தண்ணீர் அதிகமானால் வருகிற பூஞ்சை நோய். ஆச்சி பாசத்தில் மூன்று வேளை ஊற்றிக்கொண்டிருந்தார். மூடியை எடுத்து, காற்றாட வைத்து, மண் காய்ந்ததும் மட்டும் தெளித்தபிறகு நின்றது. கடைசிக் கணக்கு 34. என் சங்குப்பூ இதற்குள் மாடிக் கம்பியில் ஏறிப் பூத்தே விட்டது. அதை யார் கவனித்தார்கள்!

முளைக்க வைத்தது சுலபம். நடுவதற்குத்தான் இடமில்லை. மரம் நின்ற இடத்தில் இப்போது கான்கிரீட் மூடி. கொன்றையைத் தொட்டியில் ரொம்ப நாள் வைத்திருக்க முடியாது, அது முப்பது அடி போகிற ஜாதி. தெரிந்தவர்களுக்கு 31 கொடுத்தாகிவிட்டது. மூன்றை மட்டும் ஆச்சி தர மறுக்கிறார். எதிர்வீட்டு ரிடயர்டு சார் வாசலில் நாலடி மண் இருக்கிறது. "பூ கொட்டி என் கார் மேல ஒட்டும்" என்று அவர் ஆறு மாசமாக மறுத்துக்கொண்டிருந்தார்.

"பூக்க எத்தன வருசம்யா ஆவும்?" என்று ஒரு நாள் ஆச்சி கேட்டார்.

"அஞ்சாறு வருஷமாவது ஆகும், ஆச்சி."

விரல் விட்டு எண்ணினார். "அப்பம் எனக்கு எம்பத்தஞ்சு. அந்த ஆளு அதுக்குள்ள காரை வித்துருவாரு, போய்ச் சொல்லு" என்றார்.

போய்ச் சொன்னேன். சார் சிரிக்கவில்லை. உள்ளே போய் இஞ்ச் டேப்பை எடுத்து வந்து, காருக்கும் அந்த நாலடி மண்ணுக்கும் நடுவில் அளந்தார். திரும்ப ஒரு தடவை அளந்தார். "ட்ரீ கார்டு யார் செலவு?" என்று கேட்டார்.